கங்காணி ஊளையிட்டால் பாண் வரும்

குமாரிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் கால்கள் தாமாக எழுந்து வாசலுக்குப் போயின. வாசலில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி உள்ளே வந்தாள். மூடியிருந்த தண்ணீர் வாளியைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள்.

"உனக்கு என்னடி ஆச்சு? காலுக்குள்ள எறும்பு புகுந்திருச்சா?" என்றாள் அம்மா பாலம்மா, அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஒரு இடத்துல உக்காரு. நீ நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது."

குமாரி உட்கார்ந்தாள். ரொட்டி வேகும் முன்பே எழுந்துவிட்டாள்.

ஒன்றுமில்லை என்று அவள் சொன்னது பொய். கங்காணி செத்துப்போயிருந்தது.

படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களைப் பின்னால் நின்று மேற்பார்வை பார்க்கிறவரைக் கங்காணி என்பார்கள். அந்தக் கங்காணி பொன்னையா, வெற்றிலை மென்றுகொண்டு நல்ல சுகமாகத்தான் இருந்தார். நான் சொல்வது குமாரி வீட்டு நாயை. காலையில் பெண்கள் கூடையோடு வேலைக்குக் கிளம்பினால், அதுவும் அவர்கள் பின்னாலேயே நடக்கும். யாராவது பின்தங்கினால் ஒரு குரை குரைக்கும். யாரோ விளையாட்டாகக் 'கங்காணி' என்று கூப்பிடப்போய், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். எனக்குச் சம்பளம், அதுக்கு எலும்பு" என்று பொன்னையாவும் அலுத்துக்கொள்வார்.

குமாரி தவழ்ந்த காலத்தில் அது குட்டி. அவள் நடை பழகியதே அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் என்று அம்மா சொல்வாள். வால் எவ்வளவு வலித்திருக்கும்! ஒரு நாளும் அது அவளைக் கடித்ததில்லை.

போன வாரம், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், அடுப்போரச் சாக்கிலிருந்து அது எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது, கொஞ்ச நாளாக இருமலும் இருந்தது. குமாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாலின் நுனி மட்டும் ஒரு தடவை ஆடியது. அடுத்த தடவை கூப்பிட்டபோது அதுவும் ஆடவில்லை.

பொன்னையா மண்வெட்டியோடு வந்து, தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் குழி வெட்டிக் கொடுத்தார். வெட்டி முடித்ததும், "சரி, மழை வலுக்குது. எல்லாரும் உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், அவருக்குச் சேதி போயிற்று. அவ்வளவுதான். எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பி லிங்கம் மட்டும், "கங்காணி எப்ப எந்திரிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய முழுப் பெயர் சுந்தரலிங்கம். ஐந்து வயதுப் பையனுக்கு அது அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்ததால், யாரும் முழுசாகக் கூப்பிடுவதில்லை.

யாருமே அழவில்லை என்பதுதான் குமாரிக்கு ஆறவில்லை. அவளும் அழவில்லைதான். அவளுடைய அழுகை தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்துகொண்டதால்தானோ என்னவோ, அவளுக்கு உட்கார முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து லயத்தில் ஒரு பெரிய புகார் கிளம்பியது. நாயைப் பற்றி இல்லை. பாணைப் பற்றி. பேக்கரியில் சுடுகிற மெத்தென்ற பாண்.

"பாலம்மா! ஏ பாலம்மா!" பக்கத்து வீட்டு மூக்காயி பெரியம்மா கையில் ஒரு ரொட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு முன்பற்கள் கிடையாது. "இந்த ரொட்டிய நான் கடிக்கிறதா, இல்ல இது என்னையக் கடிக்கப் போகுதா? அந்த லாபிர் நானா எங்க போய்த் தொலைஞ்சாரு? இந்த வாரம் பூரா ஆளையே காணோம்!"

"எங்களுக்கும் அதே பாடுதான் அக்கா. விடியிறதுக்கு முன்ன எந்திரிச்சு மாவு பிசைய வேண்டியிருக்கு" என்றாள் அம்மா.

"நம்மள மறந்துட்டாரு. ரோட்டோர வீட்டுக்காரங்க கிடைச்சிருப்பாங்க. மேட்டு லயத்துக்காரங்க எதுக்கு?"

லாபிர் நானா சூன் பாண் ஆட்டோ ஓட்டுகிறவர். சூன் பாண் என்றால் கண்டிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்த ஆட்டோ. பெட்டிக்குள் சுடச்சுடப் பாண், பணிஸ் என்கிற பன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு ஊர் ஊராக வரும். லாபிர் நானா தினமும் காலையில் கலஹாவிலிருந்து கிளம்பி, ஹேவாஹெட்ட ரோட்டு வழியாக ஒவ்வொரு தோட்டமாக நின்று நின்று வருவார். பேக்கரி அடுப்பு எப்போது பற்றியதோ, மழை எப்போது விட்டதோ, அதைப் பொறுத்து அவர் வரும் நேரமும் மாறும். மேட்டு லயத்தில் போன் சிக்னலும் கிடைக்காது.

அவரைப் பற்றிய பேச்சுத்தான் அன்று முழுக்க. தண்ணீர்க் குழாயடியில் பாண். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் பாண். வேலை முடிந்து வரும் வழியிலும் பாண்.

"நாய் செத்துச்சே, அதைப் பத்தி ஒருத்தராவது பேசுறாங்களாம்மா?" என்றாள் குமாரி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாண் வரலன்னுதான் எல்லாரும் ஒப்பாரி வைக்கிறாங்க!"

அம்மா, அடுப்போரம் கிடந்த காலிச் சாக்கை எடுத்து மடிக்கப் போனவள், மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குமாரி வெளியே வந்தாள். எங்கே போவது என்று யோசிக்கவில்லை, கால்கள் போன பக்கம் போனாள். அவை ஓடையோரமாக ஒற்றையடிப் பாதையில் இறங்கின. பாதி வழியில் ஒரு பெரிய பாறை தேயிலைக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கீழே ரோட்டின் வளைவும் சின்னப் பாலமும் தெரியும்.

கங்காணி தினமும் காலையில் வந்து படுத்துக்கொள்ளும் பாறை அது.

அந்த இடத்தில் பாசி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. குமாரி அதைக் கையால் தடவினாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பிப் போகலாம் என்று எழுந்தபோதுதான் அது கேட்டது.

மெல்லிய பாட்டு.

சூன் பாண் ஆட்டோ வளைவில் திரும்பிப் பாலத்தடியில் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. லாபிர் நானா இறங்கினார். நெற்றியில் கை வைத்து மேலே லயத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பாலத்தில் சாய்ந்தார். மறுபடி மேலே பார்த்தார். ஒருவரும் இறங்கி வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

"நானா! நானா!"

குமாரி விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது புகை மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்! தினமும் வந்து, காத்து நின்று, போய்க்கொண்டிருக்கிறார்!

அப்படியானால் லயத்தில் ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? குமாரி மூச்சிரைக்க மேலே ஏறினாள். பாறையைத் தாண்டியதும் பாதையோரத்து ஓடை இரைய ஆரம்பித்தது. லயத்தை நெருங்க நெருங்க, வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. அந்த ஓடை எப்போதும் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதற்கே கத்த வேண்டும்.

குமாரி சட்டென்று நின்றுவிட்டாள்.

அந்தப் பாட்டு மேட்டு லயத்துக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கங்காணியின் ஊளைதான். பாறையில் படுத்திருக்கும் கங்காணி, பாட்டுக் கேட்டதும் எழுந்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி ஊளையிடும். பாட்டுப் பிடித்து ஊளையிட்டதா, பிடிக்காமல் ஊளையிட்டதா, அது அதற்குத்தான் தெரியும். அந்த ஊளை எப்படியோ ஓடையைத் தாண்டி வரும். "பாண் வந்திருச்சு!" என்று எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

குமாரி இதை வந்து சொன்னபோது குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட ஆமா!" என்றாள் அம்மா.

"நெசமாவா? தினமும் வந்து நிக்கிறாரா?" என்றாள் மூக்காயி. "அந்த மனுசனப் போய்த் திட்டித் தீர்த்துட்டேனே!"

"அப்ப யாராவது பாறையில நின்னு பாத்துச் சொன்னாத்தான் ஆகும். காலங்காத்தால அடுப்ப விட்டுட்டு யாரு போறது?" என்றாள் இன்னொருத்தி.

"நான் போறேன்" என்றாள் குமாரி. சும்மா நடப்பதைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலை அவள் ஒரு தகரத் தட்டையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு பாறையில் போய் நின்றாள். ஆட்டோ வந்ததும், "பாண்! பாண்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். அவள் குரல் அப்படியே ஓடையில் விழுந்து போயிற்று. உடனே தகரத்தை அடித்தாள். டங்கு டங்கு டங்கு!

மேலே கதவுகள் திறந்தன. குமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வெளியே வந்தவர்கள் கையில் பை இல்லை. கம்பு இருந்தது.

"பன்னி எறங்கிருச்சு! பன்னி!" என்று கத்திக்கொண்டு, எல்லோரும் லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டத்தைப் பார்த்து ஓடினார்கள். அந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றியை விரட்டத்தான் தகரம் அடிப்பார்கள். பதற்றத்தில் குமாரி அதை மறந்தே போயிருந்தாள். பொன்னையா கங்காணி எல்லோருக்கும் முன்னால், இடுப்பு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிழங்குப் பாத்திக்குள் பாய்ந்தார்.

கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. குமாரி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். இந்தத் தடவை வழுக்கி விழுந்து, உருண்டு, நேராக ரோட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

"யா அல்லாஹ்! மெதுவா புள்ள, மெதுவா!" லாபிர் நானா பிரேக் போட்டார். "என்னாச்சு? எங்க உங்க லயத்து ஆக்கள்? நானும் ஒவ்வொரு நாளும் பாட்டப் போட்டுட்டு நிக்கிறேன், ஒரு மனுசர் இறங்கி வாறதா இல்ல. வேற யார்கிட்டயும் பாண் எடுக்கிறீங்களோ?"

"இல்ல நானா! எங்களுக்குப் பாட்டு கேக்கல. ஓடைச் சத்தம்."

"இவ்வளவு காலமும் கேட்டுச்சே?"

குமாரி பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள்.

"சரி, கேளு மகள்" என்றார் நானா. "அடுத்த தோட்டத்துல புள்ளைகள் ஸ்கூல் போக முந்தி பாண் கேக்குறாங்க. இங்க சும்மா நிண்டா எனக்கு அங்க பிந்துது. நாளைக்கு ஒரு நாள் வந்து பாக்கிறேன். நாளைக்கும் ஒருத்தரும் வரல்லன்னா இந்தப் பக்கத்த விட்டுட்டு நேரா அங்க போயிருவேன். கோவிக்க வேணாம்."

பிறகு பாறையை அண்ணாந்து பார்த்தார்.

"அது சரி, எங்க நம்மட கங்காணி? அவன்ட சத்தமும் கேக்கல்லியே?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் தொண்டைக்குக் கீழேயே நின்றுகொண்டது.

"கங்காணி... அப்பாவோட கொழும்புக்குப் போயிருக்கு" என்றாள் குமாரி.

"கொழும்புக்கா?" லாபிர் நானா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் போயே வருசக் கணக்காச்சு. அவன் போயிட்டானா? என்ன பஸ்ஸா, ரெயிலா?"

சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மூலையிலிருந்து ஒரு கிம்புலா பணிஸை எடுத்தார். முதலை வால் போல நீளமாக, மேலே சீனி தூவிய பணிஸ். அவர் கங்காணியை ஒரு நாளும் தொட்டதில்லை, பக்கத்தில் வரவும் விட்டதில்லை. ஆனால் தூர நின்று அதற்கு ஒரு பணிஸ் எறியாமல் ஒரு நாளும் ஆட்டோவைக் கிளப்பியதுமில்லை.

"இந்தாங்க. கொழும்பால வந்ததும் குடுங்க."

குமாரி பணிஸை வாங்கிக்கொண்டாள். அது கருங்கல் மாதிரி கனத்தது.

மேலே வந்தபோது எல்லோரும் சேறும் சகதியுமாக நின்றார்கள்.

"பன்னியும் இல்ல, பன்னி வாலும் இல்ல!" என்றார் பொன்னையா. "என் கிழங்குப் பாத்திய நானே மிதிச்சிட்டேன்!"

நாளைக்கு வராவிட்டால் பாண் ஆட்டோ இனி வரவே வராது என்று குமாரி சொன்னாள். தான் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. பணிஸைக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் வைத்தாள்.

"இது கங்காணிக்கா? எந்திரிச்சதும் தின்னுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான் லிங்கம்.

குமாரி லயத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தபோது பணிஸைக் காணவில்லை. லிங்கத்தின் வாயைச் சுற்றிலும் சீனி ஒட்டியிருந்தது.

"கங்காணி எந்திரிச்சுத் தின்னுட்டு, திரும்பப் படுத்திருச்சு" என்றான் அவன்.

மறுநாள் காலையில் பனிமூட்டம் மலையை அப்படியே மூடியிருந்தது. தூறலும் விழுந்தது. குமாரி பாறையில் நின்றாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஒற்றைக் காலில் நின்றாள். இன்று தட்டு கொண்டுவரவில்லை. 'நான் கத்துறேன், எல்லாரும் வாசல்ல நின்னு காதைத் தீட்டி வச்சுக்குங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பாட்டுக் கேட்டது. ஆட்டோ தெரியவில்லை, பனிக்குள் விளக்கு மட்டும் தெரிந்தது.

"பாண்! பாண் வந்திருச்சு!"

குமாரி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். லயத்தில் ஒரு அசைவும் இல்லை. வாசலில் நின்றவர்கள் தூறலுக்கு உள்ளே போயிருப்பார்கள். கீழே பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஆட்டோவின் எஞ்சின் உறுமியது.

போகப் போகிறார். இனி வரமாட்டார். பாண் போனால் போகட்டும். ஆனால் கங்காணி தினமும் செய்த வேலை இதோடு நின்றுவிடும். அப்படி ஒரு நாய் இங்கே இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும்.

குமாரி யோசிக்கவில்லை. வழுவழுப்பான அந்த இடத்தில் ஏறி நின்றாள். கங்காணி செய்வது போலவே முகத்தை வானத்துக்குத் தூக்கினாள். கண்ணை மூடினாள்.

"ஊஊஊ..."

முதலில் மெலிசாக, காற்றுப் போலத்தான் வந்தது. மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை, இத்தனை நாளும் தொண்டையில் உட்கார்ந்திருந்தது எதுவோ, அது எழுந்துகொண்டது.

"ஊஊஊஊஊஊஊ...!"

அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. அது பாறையிலிருந்து கிளம்பி, தேயிலைக்கு மேலே போய், ஓடையைத் தாண்டி, எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

லயத்தில் கதவுகள் படார் படார் என்று திறந்தன.

எல்லோருக்கும் முன்னால் லிங்கம் ஓடி வந்தான். காலில் செருப்பு இல்லை, சட்டையில் பொத்தான் இல்லை.

"கங்காணி! கங்காணி எந்திரிச்சிருச்சு!"

பின்னாலேயே அம்மா, மூக்காயி, பொன்னையா, லயம் மொத்தமும். எல்லோர் கையிலும் பை இருந்தது. ஒருவர் முகத்திலும் பாண் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. மூக்காயியின் மற்றக் கையில் ஒரு துண்டு ரொட்டி இருந்தது. ஓரத்தைப் பிய்த்துக் கங்காணிக்குப் போடுவது அவள் வழக்கம்.

லிங்கம் பாறையைச் சுற்றிப் பார்த்தான். அக்காவின் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"எங்க?"

"லிங்கம், அது நான்தான்."

"கங்காணி எங்க?"

குமாரி பாறையிலிருந்து இறங்கி அவன் முன்னால் குனிந்தாள்.

"கங்காணி செத்துப்போச்சுடா. இனி எந்திரிக்காது. இனி வராது."

சொல்லிவிட்டாள். சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. லிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெரிதாக அழுதான். இருவரையும் யாரும் சமாதானப்படுத்தவில்லை. எல்லோரும் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

மூக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஊளை அப்படி இல்லடி குமாரி" என்றாள்.

"என்ன பெரியம்மா?"

"நீ எடுத்த எடுப்பிலயே கத்திட்ட. அது அப்படிச் செய்யாது. மொதல்ல மூக்கால ஒரு முனகல் முனகும். ம்ம்ம்... அப்புறந்தான் இழுக்கும். ஊஊஊ... இப்படி." பல்லில்லாத வாயைக் குவித்து மூக்காயி ஊளையிட்டாள். காற்றுத்தான் அதிகமாக வந்தது.

"நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்கும்" என்றார் பொன்னையா. "வயசான பெறகு அப்படித்தான். என்னைய மாதிரியே." அவரும் செய்து காட்டினார்.

"அதெல்லாம் சரி. கடைசியில ஒண்ணு இருக்கே" என்றாள் அம்மா. "வாய மூடிக்கிட்டுச் சின்னதா ஒரு 'வுப்'. எந்திரி பாலம்மா, நேரமாச்சுன்னு என்னையச் சொல்ற மாதிரியே இருக்கும்." சொல்லும்போதே அம்மாவின் குரல் உடைந்தது. "இந்த வாரம் பூரா அதைக் கேக்காம எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லடி."

குமாரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது! முனகல், மூச்சு, கடைசி 'வுப்' வரைக்கும்!

"இல்ல, இழுவை இன்னும் நீளம்" என்றது ஒரு குரல். "நீளம் இல்லக்கா, வளைவு!" என்றது இன்னொன்று. ஆளுக்கொரு ஊளையாக இட்டுக்கொண்டு, சண்டை பிடித்துக்கொண்டு, எல்லோரும் பாதையில் இறங்கினார்கள். பனிக்குள் எது யாருடைய ஊளை என்று தெரியவில்லை.

ஆட்டோ போயிருக்கவில்லை. கொஞ்ச தூரம் போய், ஊளை கேட்டு, பின்னாலேயே திரும்பிப் பாலத்தடிக்கு வந்திருந்தது. இறங்கி வந்த கூட்டத்தைப் பார்த்து லாபிர் நானா திகைத்து நின்றார்.

"யா அல்லாஹ்! எத்தனை கங்காணி!" என்றார். பிறகு குமாரியைப் பார்த்துச் சிரித்தார். "எங்க நம்மட ஆள்? கொழும்பால வந்துட்டாரா?"

"நான் பொய் சொன்னேன் நானா" என்றாள் குமாரி. இப்போது சொல்ல வந்தது. "கங்காணி கொழும்புக்குப் போகல. செத்துப்போச்சு. அது இல்லாததாலதான் எங்களுக்குப் பாட்டு கேக்கல."

லாபிர் நானா கை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். ஓடைச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மூலையில் ஒரு கிம்புலா பணிஸ் தனியாக, காகிதத்தில் சுற்றி இருந்தது.

"இது அவன்ட பங்கு" என்றார். "காலையில பெட்டி அடுக்கக்குள்ளயே ஒதுக்கிருவேன். இண்டைக்கும் ஒதுக்கினேன் மகள்."

குமாரி அதை வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை அது கனக்கவில்லை. சரி பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை லிங்கத்திடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நேத்துப் பணிஸைத் தின்னது கங்காணி இல்ல. நான்தான்" என்றான்.

"தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

"கங்காணி தின்னா வாய நல்லா நக்கிக்கும்" என்றாள் குமாரி.

மூக்காயி பெரியம்மா தன் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரோட்டிலேயே நின்று ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

மறுநாள் காலையில் குமாரி பாறைக்குப் போய், வழுவழுப்பான இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தன் கால்கள் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தாள். பனி விலகிக் கீழே ரோடு தெரிய ஆரம்பித்தது.

"இன்னைக்கு என் முறை" என்றான் பக்கத்தில் இருந்த லிங்கம்.

"மொதல்ல முனகணும். ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்!"

வளைவில் பாட்டுக் கேட்டது. லிங்கம் எழுந்து நின்று முகத்தைத் தூக்கினான். முனகினான், இழுத்தான், நடுவில் மூச்சு வாங்கினான், கடைசியில் வாயை மூடிக்கொண்டு ஒரு 'வுப்' போட்டான்.

மேலே, அடுப்பங்கரையில் இருந்த பாலம்மா, "இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள்.